ஹீப்ருவின் மூன்றெழுத்து வேர்: எங்கே உதவும், எங்கே கைவிடும்

ஹீப்ரு சொல்லித்தரும் புத்தகங்கள் ‘ஷோரெஷ்’ என்ற சொல்லைச் சீக்கிரமே மாணவர் முன் கொண்டுவந்துவிடுகின்றன. வேர் என்று பொருள். பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகள். உயிரொலிகளும் சில துணையெழுத்துகளும் சேரச் சேர அந்த மூன்றிலிருந்து ஒரு குடும்பமே பிறக்கும். காஃப், தாவ், பேத் என்ற மூன்றை எடுத்துக்கொள்வோம். ‘காதாவ்’ என்றால் எழுதினான். ‘மிக்தாவ்’ கடிதம், ‘க்தோவெத்’ முகவரி, ‘கத்தாவ்’ செய்தியாளர், ‘க்துபா’ திருமண ஒப்பந்தப் பத்திரம். தமிழில் எழுத்தர், எழுத்தாளர் என்று சொல்லின் பின்னால் ஒட்டு சேர்வதால் உறவு கண்ணுக்கு உடனே தெரிகிறது. ஹீப்ருவில் சொல்லின் உள்ளேயே ஒலி மாறுகிறது. யாராவது எடுத்துக்காட்டினால் ஒழிய, கடிதமும் முகவரியும் உறவு என்று புதிதாகப் படிப்பவருக்குத் தெரியாது. வேரைக் கொண்டு கற்பிக்கும் முறை இத்தனை காலம் நிலைத்ததற்கு இது நல்ல காரணம்தான்.

ஆனால் வேருக்குக் கிடைக்கிற புகழில் பாதி ‘மிஷ்கால்’ எனப்படும் சொல்லச்சுக்குச் சேர வேண்டியது. ‘அதோம்’ சிவப்பு, ‘அதேமெத்’ ருபெல்லா. ‘த்சஹோவ்’ மஞ்சள்; ‘த்சஹேவெத்’ மஞ்சள் காமாலை. ‘கெலெவ்’ நாய், ‘கலேவெத்’ வெறிநாய்க்கடி நோய். சர்க்கரையிலிருந்து ‘சுகேரெத்’ நீரிழிவு. இந்த ஓசையில் ஒரு சொல் வந்தால் நோயாக இருக்கலாம் என்று முன்பின் கேள்விப்படாதவரும் ஊகிக்கலாம். ‘தபாஹ்’ சமையற்காரர், ‘நகார்’ தச்சர், ‘சபார்’ முடிதிருத்துபவர் என்று தொழில்களுக்கும் ஓர் அச்சு உண்டு. வேர் பொருளின் திசையை மட்டுமே காட்டும். அது ஆளா, கருவியா, இடமா, நோயா என்பதை அச்சு சொல்லும். பாடநூல்கள் வேரைக் கொண்டாடிவிட்டு அச்சைப் பின்னிணைப்பில் தள்ளுவது எனக்கு ஏற்புடையதல்ல.

வேர் வழிதவறச் செய்யும் இடங்களைப் பார்ப்போம். சமேஹ், பே, ரேஷ் என்ற மூன்றெழுத்தில் ‘செஃபெர்’ புத்தகம், ‘சிஃப்ரியா’ நூலகம், ‘சிப்பூர்’ கதை, ‘மிஸ்பார்’ எண். அதே மூன்றெழுத்தில்தான் மேலே சொன்ன ‘சபாரும்’, ‘மிஸ்பராயிம்’ என்ற கத்தரிக்கோலும், ‘திஸ்போரெத்’ என்ற முடிவெட்டும் வருகின்றன. ஹீப்ரு நாளிதழ்கள் உயிர்க்குறிகள் இல்லாமல் அச்சாவதால், வெறும் மூன்றெழுத்தாக நிற்கும் சொல்லைப் புத்தகம் என்றும் படிக்கலாம், முடிதிருத்துபவர் என்றும் படிக்கலாம். ‘எண்ணினான்’ என்றும்கூடப் படிக்கலாம். எது சரி என்பதை வாக்கியம்தான் சொல்லும். நூலகத்தையும் கத்தரிக்கோலையும் இணைக்க ஒரு கதை கட்டிச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. ‘லெஹெம்’ என்ற ரொட்டிக்கும் ‘மில்ஹாமா’ என்ற போருக்கும் எழுத்து ஒன்று என்பதால், மனிதன் ரொட்டிக்காகச் சண்டையிட்டான் என்று விளக்குபவர்களும் உண்டு. கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் எழுத்து ஒன்றானால் பொருளும் உறவு என்ற தவறான நம்பிக்கையை அது மாணவரிடம் விதைக்கிறது.

காதால் மட்டும் கற்பவர் நிலை இன்னும் கடினம். இன்றைய இஸ்ரேலியப் பேச்சில் அலெஃபும் அயினும் பெரும்பாலானோர் வாயில் ஒன்றாகிவிட்டன. ‘காரா’ என்று ஒருவர் சொன்னால் அது ‘படித்தான்’ ஆகலாம், ‘கிழித்தான்’ ஆகலாம், ‘நடந்தது’ என்றும் ஆகலாம். கடைசி எழுத்து வேறு, ஆகவே வேரும் வேறு. ஒலி மட்டும் ஒன்று. இங்கே வேரைத் தெரிந்துகொள்ள எழுத்துக்கூட்டல் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வேரெழுத்தே காணாமல் போகும் வினைகளும் உண்டு. ‘நாதான்’ என்றால் கொடுத்தான்: நூன், தாவ், நூன். ‘கொடுக்க’ என்பது ‘லாதெத்’. இரண்டு நூன்களும் போய்விட்டன. பத்தாம் நூற்றாண்டில் கோர்தோபாவில் இருந்த மெனாஹெம் பென் சாருக் என்ற பேரறிஞரே ஈரெழுத்து வேர், ஓரெழுத்து வேர் என்றுதான் இவற்றை வகுத்தார். அவருக்குப் பின் வந்த யெஹுதா ஹய்யூஜ், அரபு இலக்கணத்தின் துணைகொண்டு, மறைந்த எழுத்தும் வேரில் அடக்கம் என்று நிறுவினார். வேதாகமத்தில் ஊறியவர்களுக்கே இவ்வளவு பிடிபடாத ஒன்றை இரண்டாவது மாதத்தில் மாணவர் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ‘லாதெத்’ என்பதை அப்படியே மனப்பாடம் செய்யச் சொல்லிவிடலாம்.

வழக்கு என்ன செய்கிறது என்பதற்கு உடை உடுத்தும் வினைகளைப் பார்க்கலாம். சட்டைக்கு ‘லாவாஷ்’, செருப்புக்கு ‘நாஅல்’, காலுறைக்கு ‘காராவ்’, தொப்பிக்கு ‘ஹாவாஷ்’. செருப்பு ‘நாஅலாயிம்’, காலுறை ‘கர்பாயிம்’ என்பதால் அந்த இரண்டிலும் வேர் அழகாகக் கைகொடுக்கிறது. கண்ணாடிக்கு ‘ஹிர்கீவ்’. அதன் வேர் சவாரி செய்வது. ‘ரகேவெத்’ என்ற ரயிலும் அந்தக் குடும்பம்தான். சவாரியிலிருந்து மூக்குக் கண்ணாடிக்குத் தானாக வந்துசேர எந்த மாணவராலும் முடியாது. வீட்டில் பேசும்போதோ பலர் ‘வைத்தான்’ என்று பொருள்படும் ‘சாம்’ என்பதைத்தான் கண்ணாடிக்கும் தொப்பிக்கும் சொல்கிறார்கள். வேர்ப்பட்டியல் இதைச் சொல்லாது. நாயைக் கண்டு பயப்படுவதை ‘நாயிலிருந்து’ பயப்படுவதாகச் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லாது.

அன்றாடப் பேச்சில் நிறைந்திருக்கும் ‘யல்லா’, ‘சபாபா’, ‘பலகான்’ எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. அவற்றைக் கேட்டுத்தான் கற்க வேண்டும். ஆனாலும் வேர் செத்துப்போன இலக்கணம் அல்ல. அரபிலிருந்து வந்த ‘கேஃப்’ (குதூகலம்) என்பதிலிருந்து ‘கியேஃப்’ என்ற வினை உருவாகிவிட்டது; டெலிஃபோனிலிருந்து ‘தில்பென்’, எஸ்எம்எஸ்ஸிலிருந்து ‘சிமேஸ்’. வந்த சொல்லிலிருந்தும் வேரைப் பிரித்தெடுக்கும் பழக்கம் ஹீப்ரு பேசுபவர்களின் நாவில் இன்றும் இருக்கிறது. சிந்திப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து கணினிக்கு ‘மஹ்ஷேவ்’ என்று பெயர் வைத்ததும் இதே வழியில்தான். இந்தத் திறன் கைவர வேண்டுமானால் வேரைப் படித்தே ஆக வேண்டும்.

எனவே என் குறை வேரின் மீதல்ல, வரிசையின் மீது. முதல் பாடத்திலேயே பத்துச் சொல் கொண்ட குடும்பத்தை வைத்தால், கடைத்தெருவில் தினமும் கேட்கும் ‘முகவரி’யும் திருமணத்தன்று மட்டும் வரும் ‘க்துபா’வும் மாணவருக்கு ஒரே எடையாகிவிடுகின்றன. ஹீப்ரு தொடங்குகிறவர்கள் ஒவ்வொரு வினையையும் அதற்குரிய முன்னிடைச்சொல்லோடு ஒரு முழு வாக்கியமாக எழுதிப் பழகுங்கள். ஒரே வேரில் மூன்றாவது சொல்லை நீங்களாகவே எதிர்கொண்ட பிறகு, அந்த வேருக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.