மொட்டைக் கடிதமும் நம் கைகளும்

ஐப்பசி மழை மேற்கு மலையில் இறங்கத் தொடங்கியதும், கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவரையொருவர் சந்திக்கும்போது எழும் முதற் கேள்வி ஒன்றுதான்: “அணையில் எத்தனை அடி?” முல்லைப்பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. கூடலூர் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்கள் அதை நம்பியிருக்கின்றன. அந்த அடிக்கணக்கை முன்பு நாளிதழில் பார்த்தோம். இன்று அது கைபேசியில் வருகிறது. அதனோடு, நாம் அழைக்காத வேறு பல செய்திகளும் வருகின்றன.

கதையையும் கவிதையையும் விமரிசிக்கும் நாம், இந்தப் பகிர்வுச் செய்தியையும் ஓர் எழுத்து வகையாகக் கொண்டு சற்றே ஆராய்ந்தால் என்ன? நாள்தோறும் நம்மவர் மிகுதியாகப் படிப்பது இதைத்தானே!

இதற்கு ஆசிரியர் பெயர் இல்லை, தேதியும் இல்லை. “நேற்றிரவு” என்று தொடங்கும். அந்த நேற்றிரவு ஆண்டுகள் பல கடந்தும் விடிவதில்லை. சான்றாக வருபவர் “ஓர் உயர் அதிகாரி”. உடன் வரும் காணொளியில் பொங்கும் வெள்ளம் எந்த ஆற்றினது என்ற குறிப்பிராது. முடிவில் ஒரு கட்டளை: “உடனே அனைவருக்கும் அனுப்புங்கள்.” நாட்டார் கதைக்கும் ஆசிரியர் இல்லையே எனலாம். உண்மைதான். ஆனால் பாட்டி சொன்ன கதையைக் கேட்டு எவரும் அரிவாளைத் தேடியதில்லை. கதை தன்னைக் கதையென்றே அறிவித்துக்கொண்டது.

இவ்வகை எழுத்துக்கு நம் ஊர்களில் முன்பே ஒரு பெயர் உண்டு: மொட்டைக் கடிதம். அதை எழுதியவரை ஊர் இகழ்ந்தது. இந்தியாவில் அச்சாகும் நூலும் இதழும் அச்சிட்டவர் பெயரையும் இடத்தையும் தாங்கியிருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. சொல்லுக்குப் பின்னால் பதில் கூற ஒருவர் நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள். அந்த மொட்டைக் கடிதத்தைத்தான் இன்று நாமே வீடு வீடாகச் சேர்க்கிறோம்.

2021 அக்டோபரில் நடந்ததை நினைவுகூர்வோம். அணையைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்னும் முழக்கம் சமூக ஊடகங்களில் கேரளத்தில் பரவியது. நடிகர் பிருத்விராஜும் அதை ஆதரித்து எழுதினார். அணை வலுவாயிருக்கிறது என்று கண்டு, நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்றே தீர்ப்பளித்திருந்தது. அச்சம் பரப்புவோர்மீது நடவடிக்கை பாயும் என்று கேரள முதல்வரே சட்டமன்றத்தில் எச்சரிக்க நேர்ந்தது. இங்கே தேனியில் அந்நடிகரின் உருவபொம்மை எரிந்தது.

இது வெறும் சொற்போர் அன்று. 2011 நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் அணை பற்றிய அச்சமும் சினமும் மூண்டபோது குமுளி வழிப் போக்குவரத்து நின்றது. எல்லையின் இருபுறமும் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. விடியுமுன் ஜீப்பேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் நம் ஊர்த் தாய்மார் கூலியிழந்து வீட்டிலிருந்தனர். வாட்ஸாப் நம் ஊர்களில் பரவாத காலத்திலேயே இந்நிலை. வதந்தியின் விலையை அதை எழுதியவர் கொடுப்பதில்லை, அன்றாடங்காய்ச்சிகள்தாம் கொடுக்கிறார்கள்.

எனவே குற்றம் மலைக்கு அப்பால்தான் என்று முடித்துவிடலாமா? முடியாது. 2021 ஜூலையில், மதுரை நத்தம் சாலையில் கலைஞர் நூலகத்துக்காக இடிக்கப்படவிருந்த பொதுப்பணித்துறைக் கட்டடம் கர்னல் பென்னிகுயிக் வாழ்ந்த இல்லம் என்று ஒரு செய்தி உலவியது. நாமும் நெஞ்சம் கொதித்து அதைப் பலருக்கு அனுப்பினோம். பின்னர் மாவட்ட ஆட்சியர் ஆவணங்களைக் கொண்டு விளக்கினார்: கட்டடம் நிறைவுற்றது 1913இல், பென்னிகுயிக் மறைந்ததோ 1911 மார்ச் 9. இரண்டு தேதிகளை ஒப்பிட்டிருந்தால் போதும். நாம் ஒப்பிடவில்லை. ஏனெனில் அச்செய்தி நம் அன்புக்கு இனித்தது. திருத்தத்தை யாருக்கும் அனுப்பவும் இல்லை. வெட்கத்தோடு இதை ஒப்புக்கொள்கிறோம்.

பென்னிகுயிக் தம் சொத்துகளை விற்று அணையைக் கட்டினார் என்னும் கதையும் இத்தகையதே. அதற்கு ஆவணம் காட்டியவரை நாம் கண்டதில்லை. அப்பணியில் பங்கேற்ற பொறியாளர் மெக்கன்சி 1899இல் வெளியிட்ட வரலாறு, சென்னை மாகாண அரசின் திட்டமாகவே அதை விவரிக்கிறது. வெள்ளம் அடித்துச் சென்றதை மீண்டும் மீண்டும் கட்டியெழுப்பிய உறுதியும், காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பலியான எண்ணற்ற தொழிலாளரின் உயிரும் அவ்வணையில் உள்ளன. இந்த உண்மைக்கு மேல் ஒரு கட்டுக்கதை எதற்கு? சனவரி 15 அன்று பாலார்பட்டியில் பொங்கும் நன்றிப் பொங்கல் உண்மையாலேயே இனிக்கும்.

“எனக்கு வந்தது, அனுப்பினேன்” என்பது இன்றைய பொது மன்னிப்புச் சீட்டாகிவிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெண் பத்திரிகையாளரை இழிவுபடுத்திய பதிவொன்றை 2018இல் பகிர்ந்த நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி. சேகர், படிக்காமல் பகிர்ந்ததாகக் கூறி மன்னிப்பும் கேட்டார். அனுப்பிய செய்தி வில்லைவிட்ட அம்பு போன்றது என்று 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கூறி, வழக்கை ரத்துசெய்ய மறுத்தது. 2024 பிப்ரவரியில் அவருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர் வந்துள்ளனர் என்னும் பகிர்வுச் செய்தியை நம்பித் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அவர் கோவிலுக்கு வந்தவர். குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தவர். அந்த அம்பை எய்தவர் எத்தனை பேர்?

அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸாப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பிட்டது. நல்லதே. ஆனால் கருவியின் வரம்பு மனச்சான்றின் வரம்பாகாது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் கட்டளை, பிறர் எழுதிய பொய்யைக் கைமாற்றுவோருக்கு விலக்களிக்கவில்லை.

அனுப்புமுன் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்போம். விடையில்லையேல் அது நம்மிடமே மடியட்டும். நம் பக்கத்துக்குச் சாதகமான செய்தியை இருமடங்கு ஐயத்தோடு நோக்குவோம். தவறியபோது, பொய் சென்ற வழியெல்லாம் திருத்தத்தையும் அனுப்புவோம். இரவில் ஆன்ம சோதனை செய்யும் வழக்கமுள்ள நாம், அன்று நம் விரல்கள் அனுப்பியவற்றையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நன்று. அணையின் நீருக்கு அடிக்கணக்கு கேட்கும் நாம், நம் சொல்லுக்கும் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.