பழைய போர்டில் புதிய பிராசசர்: எப்போது லாபம், எப்போது வீண்?

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் அசெம்பிள் செய்த கேமிங் கம்ப்யூட்டர் புதிய கேம்களில் திணறத் தொடங்கியதும், பலரின் பார்வை முதலில் பிராசசர் மீதுதான் விழுகிறது. மதர்போர்டு, ரேம், கேபினெட் எல்லாம் அப்படியே இருக்கட்டும். சிப்பை மட்டும் கழற்றிவிட்டு, அதே சாக்கெட்டில் பொருந்தும் புதிய சிப்பைப் போட்டால் போதும் என்கிறார்கள். கேமிங்கில் செலவழிக்கும் பணத்துக்கு இவ்வளவு பலன் தரும் வேலை வேறு அதிகம் இல்லை என்றே நானும் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தடை பிராசசரில்தான் இருக்கிறது என்று முதலில் நிரூபணமாக வேண்டும். சிப்புக்கு வயதாகிவிட்டது என்பது நிரூபணம் ஆகாது.

இந்த வழக்கத்தின் பலத்தைப் பார்க்க ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2018இல் பி450 போர்டும் ரைசன் 5 2600 பிராசசரும் வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் அதே சாக்கெட்டுக்கு ரைசன் 5 5600 வந்தது. இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட்; இரண்டும் 65 வாட். பெட்டியில் அச்சிட்டதை மட்டும் படித்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளே நிலைமை வேறு. 2600இல் மூன்று மூன்று கோர்களாக இரண்டு குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக 8 எம்பி எல்3 கேஷ், அதாவது சிப்பின் உள்ளேயே இருக்கும் வேக நினைவகம். ஒரு குழுவின் கேஷில் உள்ள தகவல் அடுத்த குழுவுக்குத் தேவைப்பட்டால் மெதுவான வழியில் சுற்றித்தான் வர வேண்டும். 5600இல் ஆறு கோர்களும் ஒரே குழு. 32 எம்பி கேஷ் அத்தனைக்கும் பொது.

கேம்கள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களைத் தேடி எடுப்பவை: எதிரி எங்கே நிற்கிறான், கதவு திறந்திருக்கிறதா, எந்தப் பொருள் எதன் மேல் மோதுகிறது. அவை கேஷிலேயே கிடைத்தால் ரேம்வரை போய்வரும் காத்திருப்பு மிச்சம். அதே மாதம் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி இதை இன்னும் அழுத்தமாகக் காட்டியது. சிப்பின் மேலேயே கூடுதலாக 64 எம்பி கேஷை அடுக்கி மொத்தம் 96 எம்பி ஆக்கினார்கள். அதன் உச்ச வேகம், கூடுதல் கேஷ் இல்லாத 5800எக்ஸின் 4.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5க்குக் குறைந்தது. இருந்தும் பெரும்பாலான கேம்களில் அதுவே முந்தியது. கோர் எண்ணிக்கையையும் கிகாஹெர்ட்ஸையும் மட்டும் பார்த்துச் சிப் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்டெல் பக்கம் கதை வேறு. 2017 தொடக்கத்தில் ஏழாம் தலைமுறைச் சிப்பும் அதற்கான போர்டும் வாங்கியவரால், அதே ஆண்டு அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறை ஆறு கோர் சிப்பை அதில் போட முடியவில்லை. சாக்கெட் பெயர் அதே 1151தான். ஆனால் பழைய போர்டு அதை ஏற்காது. ஐ5-7400 வைத்திருப்பவருக்கு உச்சம் ஐ7-7700கே. அதுவும் நான்கு கோர்தான், விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலும் இல்லை. அந்தப் போர்டில் இனி பணம் போடுவது வீண்.

ஏ.எம்.டி.யையும் அளவோடுதான் புகழ வேண்டும். 5000 வரிசைச் சிப்புகள் பி450 போன்ற பழைய 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று 2020 மே மாதத்தில் அந்த நிறுவனமே அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகு, அந்த மாதம் முடிவதற்குள் முடிவை மாற்றிக்கொண்டது. 300 வரிசை போர்டுகளுக்கு 2022இல்தான் வழி திறந்தது. ஏ.எம்.4இன் நீண்ட ஆயுளில் வாடிக்கையாளர் போராடிப் பெற்ற பங்கும் உண்டு.

இன்று இந்த வழக்கத்துக்கு இன்னும் இரண்டு நியாயங்கள் சேர்ந்திருக்கின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. முதல் தலைமுறை ரைசன் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, 5600 இருக்கிறது. அடுத்தது ரேம் விலை. ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. புதிய போர்டு என்றால் பெரும்பாலும் டிடிஆர்5 ரேமும் வாங்கியாக வேண்டும் என்ற நிலையில், கையில் இருக்கும் டிடிஆர்4 ரேமைக் காப்பாற்றுவதே பெரிய சேமிப்பு.

இனி குறைகளுக்கு வருவோம். முதல் குறை, நோய் என்னவென்று தெரியாமலே மருந்து வாங்குவது. வினாடிக்கு 60 ஃபிரேம் வர வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவினாடி. எதை வரைய வேண்டும் என்று பிராசசர் தயார்செய்கிறது. கிராபிக்ஸ் கார்டு வரைகிறது. இரண்டில் எது தாமதிக்கிறதோ அதுவே வேகத்தை நிர்ணயிக்கும். பால்டர்ஸ் கேட் 3இன் மூன்றாம் பகுதியில் வரும் நகரம் மாதிரியான இடத்தில், கூட்டத்தைக் கையாள பிராசசருக்கு 22 மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு விலையுள்ள கிராபிக்ஸ் கார்டு இருந்தாலும் 45 ஃபிரேமைத் தாண்டாது. அதே கம்ப்யூட்டரில், கண்ணைக் கவரும் ஒளியும் நிழலுமாக இருக்கும் வேறொரு கேமில் கார்டுதான் திணறும்; அங்கே புது பிராசசர் போட்டாலும் ஒன்றும் மாறாது.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. திணறும் அதே இடத்தில் நின்றுகொண்டு ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை துள்ளி ஏறினால் தடை கார்டில். அசையாமல் நின்றால், கேமுக்கோ மானிட்டருக்கோ ஃபிரேம் வரம்பு எதுவும் வைக்கவில்லை என்றால், தடை பெரும்பாலும் பிராசசர் பக்கம். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 40 சதவீதம்தான் என்று காட்டுவதை நம்பி ஏமாறக் கூடாது. அது 12 த்ரெட்டுக்கும் சேர்த்த சராசரி. கேமின் முக்கிய த்ரெட் ஒன்று மட்டும் முழு மூச்சில் ஓடி மற்றவற்றைக் காக்கவைப்பது அந்த எண்ணில் தெரியாது. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பார்ப்பதே மேல். அது 97, 98 சதவீதத்தில் நின்றால் பிராசசரைக் குறைசொல்ல இடமில்லை.

இரண்டாம் குறை, விமர்சன வரைபடங்களைத் தப்பாகப் படிப்பது. பிராசசர்களைச் சோதிப்பவர்கள் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற உச்சக் கார்டைப் போட்டு, 1080பியில் ஓட்டுகிறார்கள். அது சரியான முறை. கார்டு குறுக்கே வராதபோதுதான் சிப்புகளின் வேறுபாடு தெரியும். ஆனால் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வைத்திருப்பவர் அந்த உயரத்தைத் தன் மேசையில் காண முடியாது. வரைபடம் சிப்பைப் பற்றிச் சொல்வது உண்மை; அவருடைய கம்ப்யூட்டரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது, நிரபராதியைத் தண்டிப்பது. நம் ஊரில் குறைந்த பட்ஜெட்டில் அசெம்பிள் செய்யும்போது 8 ஜிபி ரேம் ஒன்றை மட்டும் போட்டு முடிப்பது வழக்கம். ஒரே ரேம் என்றால் பிராசசருக்குத் தகவல் வரும் பாதை பாதியாகிறது. 3200 வேகம் என்று எழுதியிருக்கும் ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை இயக்காததால் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருக்கும். ரைசனில் கோர் குழுக்களை இணைக்கும் பாதையின் வேகமும் ரேம் வேகத்தோடு கட்டப்பட்டது என்பதால் இழப்பு இரட்டிப்பு. கூலரில் தூசி அடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனால் மே மாத வெயிலில் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இவை எதற்கும் புது பிராசசர் தீர்வல்ல.

நான்காவது, வேலையின் ஆபத்து. பழைய சிப் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். மறந்தால் புதிய சிப் போட்டதும் திரையில் எதுவும் வராது. அப்டேட் நடுவே கரண்ட் போனால் போர்டே செத்துப்போகலாம். யூபிஎஸ் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. ஏ.எம்.4இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1331. கூலரை நேராக இழுத்தால், இறுகிய பேஸ்ட் சிப்பையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுப்பதே பாதுகாப்பு. மலிவுப் போர்டுகளுக்கு மின்சாரம் தாங்கும் திறனும் குறைவு. இன்டெலின் எச்610 போர்டில் 253 வாட் வரை இழுக்கும் ஐ9-14900கேவைப் பொருத்த முடியும். ஆனால் அதன் முழு வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

கடைசியாக, போட்ட பணம் அந்தச் சாக்கெட்டோடு முடிந்துவிடும் என்ற வாதம். ஏ.எம்.5 சாக்கெட்டை 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரிப்பதாக ஏ.எம்.டி. சொல்லியிருப்பதால் இப்போதே மாறிவிடலாமே என்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் எல்லாமே உயர்ந்த தரத்தில் வைத்திருப்பவருக்கு அது சரி. நடுத்தரக் கார்டு வைத்திருப்பவருக்கு அல்ல. போர்டும் ரேமும் வாங்கும் பணத்தில் அவருக்கு 5600உடன் ஒரு நல்ல கார்டுக்கான முதலும் தேறும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஏ.எம்.4 போர்டில் முதல் இரண்டு தலைமுறை ரைசன் வைத்திருந்து, 720பி சோதனையில் ஃபிரேம் அசையவில்லை என்றால் தயங்காமல் பிராசசரை மாற்றுங்கள். ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் என்றால் அதே சாக்கெட்டின் உச்சச் சிப்பைத் தேடி அலையாமல், புதிய போர்டுக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள். தடை கார்டில் என்று தெரிந்தால் பிராசசரைத் தொடாதீர்கள். ஆசைப்பட்டு விளையாடும் பிள்ளைகளும், சம்பளத்தில் மிச்சம்பிடித்து அவர்களுக்கு வாங்கித்தரும் பெற்றோரும் தவறான உதிரிபாகத்தில் பணத்தை இழக்கக் கூடாது. அந்த இழப்பைத் தடுக்க, சோதித்துப் பார்க்கும் ஒரு மாலைப்பொழுது போதும்.