வெள்ளி தெற்கே ஓடினால்?

புறநானூற்றின் 117ஆம் பாட்டில் கபிலர் வானத்து அச்சங்களை அடுக்குகிறார். மைம்மீனாகிய சனி புகையட்டும், வால்மீன் தோன்றட்டும், வெள்ளி தென்திசை ஓடட்டும். பாரியின் கோல் செம்மையானது, ஆதலின் பறம்பில் மழை பொய்க்காது என்கிறார். பட்டினப்பாலையும் அவ்வாறே: வெள்ளி தெற்கே ஏகினும் காவிரி பொய்க்காதாம்.

இவற்றைச் சோதிடத்திற்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். கோளை மீறியும் வயல் விளையும் என்று பாடியவரையா துணைக்கு அழைப்பது? ஆயினும், கபிலர் அந்நம்பிக்கையை வேரறுத்தார் என்று நாம் மிகைப்படுத்த மாட்டோம். மழையைக் கோளினின்று அவிழ்த்தவர், கோலோடு கட்டிவிட்டாரே!

நாம் போற்றுவது பெயர்களை. வெண்மையால் வெள்ளி, செம்மையால் செவ்வாய், மங்கலால் மைம்மீன். யாவும் கண் இட்ட பெயர்கள். அக்கண் நமக்கும் உண்டு. விண்மீன் மினுக்கும்; கோள் பெரும்பாலும் நிலைத்த ஒளி வீசும். வெள்ளி கதிரவனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. ஆகவே மாலையில் மேற்கே, அன்றேல் விடியலில் கிழக்கே. நள்ளிரவில் உச்சியில் மினுக்காது பேரொளி வீசுவது பெரும்பாலும் வியாழன். செவ்வாயைக் கேட்டை எனும் சிவந்த விண்மீனோடு மயங்குவர், கேட்டை மினுக்கும். செவ்வாயோ ஏறத்தாழ 26 திங்களுக்கொருமுறை பேரொளி பெற்றுப் பின் மங்கும். சனி, பெயருக்கு மாறாக, வெளிர்மஞ்சள்.

இனி, வெள்ளி தெற்கே ஓடினால் பஞ்சமா? மார்கழியில் கதிரவன் தென்கோடியில் நிற்கிறான். அவனைப் பிரியாத வெள்ளியும் அப்போது தெற்கேதான் நிற்கும், ஆண்டு தவறாமல். ஆண்டுதோறுமா பஞ்சம்? ஓராண்டு வானம் பார்த்தவனுக்கு இவ்வச்சம் நிற்காது.

பழங்கதை போகட்டும். இன்றும் பெண்ணின் மணத்தைத் தடுத்து நிற்கிறதே ‘செவ்வாய் தோஷம்’! இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆம் கட்டங்களில் செவ்வாய் இருந்தால் தோஷமாம். பன்னிரண்டில் ஐந்து! நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் குற்றவாளிகள். பழி மட்டும் பெண்மேல். 2013 நவம்பர் 5, ஒரு செவ்வாய்க்கிழமை, சிறீஅரிக்கோட்டாவிலிருந்து மங்கள்யான் புறப்பட்டது. 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அச்சிவப்பு, இரும்புத் துரு கலந்த மண்ணின் நிறம்.

தோழர்களே, செவ்வாய் எழுந்திருக்கும் ஓர் இரவில், சாதகக்கட்டோடு வரும் தரகரை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். ‘ஐயா, இவற்றுள் எது செவ்வாய்?’ என்று கேளுங்கள்.