சில்க் சட்டை விளையாட்டு

கு.அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைப் படித்தவர்கள் பெரும்பாலும் அதன் முடிவைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். தீபாவளி சமயத்தில் உடம்பெல்லாம் சிரங்கோடு வந்து நிற்கிற ஓர் அநாதைப் பையன், அவனைக் குளிப்பாட்டிச் சோறு போட்டுத் துணியும் கொடுக்கிற ஏழைத் தாய். பையன் பெயர் ராஜா. ஊர்ப் பெரிய வீட்டுக்கு வந்த ராஜாவுக்குப் பதிலாக, எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று சின்னப் பெண் மங்கம்மாள் சொல்லும் இடத்தைச் சிலாகிக்காத விமர்சகர் இல்லை.

எனக்கு என்னவோ அந்தக் கதையின் ஆரம்பம்தான் மனசில் அதிகம் ஓடுகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் போட்டிக்கு இழுக்கிறார்கள். என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் இருக்கிறதா என்பதுதான் விளையாட்டு. பணக்கார வீட்டுப் பையன் ராமசாமி தன் சில்க் சட்டையைப் பந்தயத்தில் வைக்கிறான். எதிர்ப்பக்கம் அதற்கு ஈடாக வைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் சும்மா விடுவதில்லை, எதையாவது தேடி எடுத்து எதிரில் வைத்துவிடுகிறார்கள். அழகிரிசாமி இதைச் சிறுபிள்ளைகளின் குறும்பாக மட்டும் எழுதவில்லை. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே எந்தெந்தக் கோடுகள் ஓடுகின்றன என்பதை ஒரு விளையாட்டுக்குள் வைத்துக் காட்டிவிடுகிறார்.

அந்த விளையாட்டு பள்ளிக்கூடத்தோடு முடிவதில்லை. நாற்பது வருஷம் கழித்து வாட்ஸ்அப் குரூப்பில் அதே விளையாட்டு ஆரம்பிக்கிறது. என் பையன் டல்லாஸ்ல இருக்கான், உன் பையன்? எனக்கு பைபாஸ் ஆயிடுச்சு, உனக்கு? முன்னாள் மாணவர் சந்திப்புக்கு எல்லோரும் பேட்ச் வருஷம் அச்சடித்த ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வருகிறார்கள் இல்லையா? சில்க் சட்டை விளையாட்டை ஒரு நாளைக்காவது நிறுத்திவைக்கச் செய்த ஏற்பாடு அது என்றுதான் நினைக்கிறேன். மண்டப வாசலில் கார் பார்க்கிங்கிலேயே அது தோற்றுவிடுகிறது.

நம் சினிமா இந்தச் சங்கடத்தின் பக்கமே போவதில்லை. பழைய வகுப்புத் தோழமை என்றாலே நமக்குக் காதல்தான். சேரனின் 'ஆட்டோகிராப்' (2004) நாயகன் கல்யாணப் பத்திரிகையோடு கிளம்பினான், போன இடமெல்லாம் இழந்த பெண்கள். பிரேம்குமாரின் '96' (2018) இதைவிட நுட்பமான படம், சந்தேகமில்லை. தஞ்சாவூர்ப் பள்ளியின் பழைய மாணவர்கள் சென்னையில் கூடுகிறார்கள். ராம் ஊர் சுற்றிப் படம் எடுக்கிறவன். ஜானு பாடுகிறவள். எஸ்.ஜானகியின் பெயரையே வைத்துக்கொண்டிருப்பவள். பள்ளியில் இரண்டு பேரையும் சேர்த்தது பாட்டு. 'தளபதி'யின் 'யமுனை ஆற்றிலே' பாட்டை அவன் எத்தனை தடவை கேட்டும் அவள் பாடுவதில்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து, கரண்ட் போன ஓர் இருட்டில் பாடுகிறாள். தியேட்டரே அசையாமல் உட்கார்ந்திருந்தது. நானும்தான்.

ஆனால் படத்தை மறுபடி பார்த்தபோது அந்தக் காட்சி எனக்கு உறுத்தியது. அவ்வளவு வருஷமாக அவன் காதில் தங்கியிருந்த பாட்டு, அங்கே ஒரு பழைய பூட்டைத் திறக்கிற சாவியாக மட்டும் வருகிறது. திறந்தவுடன் அதன் வேலை தீர்ந்தது. ஜானு அடுத்த வாரம் வேறொரு பாட்டு பாடுவாளா, ராம் அதைக் கேட்டுவிட்டு சரணத்தில் ஸ்ருதி இறங்கிப்போச்சு என்று சொல்வானா? படத்துக்கு அது தேவையே இல்லை. காலையில் ஃப்ளைட். ஞாபகத்துக்காக மட்டும் ஒரு கலையைத் தொடுகிறவர்கள் அதை ஒரு தடவைதான் தொட முடியும் என்று தோன்றியது.

அந்தப் படத்தில் என்னைக் கவர்ந்தவர்கள் பக்கவாட்டில் நிற்கிற சிநேகிதர்கள். தேவதர்ஷினி, பகவதி பெருமாள், ஆடுகளம் முருகதாஸ் நடித்த பாத்திரங்கள். குரூப் ஆரம்பித்து, போன் போட்டு, ஆள் சேர்த்து, ராமையும் ஜானுவையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான். வருஷக்கணக்கில் தொடர்பில் இருந்த நட்பு அவர்களுடையது. நடுராத்திரிக்கு மேல் படம் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. (இங்கே ஒரு வேடிக்கை. 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' என்ற 2012ஆம் வருஷப் படம், கிரிக்கெட் ஆடும்போது தலையில் அடிபட்டு, கல்யாண நேரத்தில் ஞாபகம் தவறிப்போன ஒருவரின் நிஜக் கதை. அந்த ஒருவர் இதே பிரேம்குமார். நண்பர்கள் அவரை மணமேடை வரைக்கும் இழுத்துக்கொண்டு போன கதை அது. ஞாபகமே இல்லாதபோதும் நட்பு எப்படி வேலை செய்யும் என்று தெரிந்த ஆள், ஞாபகத்தை மட்டும் வைத்து '96' எடுத்திருக்கிறார்!)

இனி அழகிரிசாமிக்கே வருகிறேன். சில்க் சட்டை விளையாட்டை எழுதிய மனிதரின் சொந்த வாழ்க்கையில் ஒரு வகுப்புத் தோழர் இருந்தார். கோவில்பட்டி பக்கத்து இடைசெவல். அழகிரிசாமி 1923இல் பிறந்தவர், கி.ராஜநாராயணனும் ஏறக்குறைய அதே வயது. ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். ஒருவர் படிப்பை முடித்து வேலைக்காக ஊரைவிட்டுப் போனார். இன்னொருவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விவசாயத்தோடு ஊரிலேயே தங்கினார். அழகிரிசாமி சென்னைக்கு வந்தார், பத்திரிகைகளில் வேலை பார்த்தார், 1952இல் மலேயா போய் கோலாலம்பூரில் 'தமிழ்நேசன்' பத்திரிகையில் இருந்தார், 1957இல் திரும்பினார். அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் புத்தகமாகவே வந்தன.

இரண்டு பேரையும் கட்டிப்போட்டது எது? ஊர்ப் பாசம் என்று ஒரு வரியில் முடிக்கலாம், பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. இடைசெவலில் அதே வருஷங்களில் பிறந்து, அதே பள்ளியில் படித்த எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இந்த இருவருக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. கர்நாடக சங்கீதம். கி.ரா. எழுத்தாளராவதற்கு முன் பாட்டுக்காரராக ஆசைப்பட்டவர், விளாத்திகுளம் சுவாமிகளிடம் இசை பயின்றவர். நாகஸ்வரத்துக்கு காருகுறிச்சி அருணாசலம் பக்கத்தில் கோவில்பட்டியிலேயே இருந்தார். அழகிரிசாமியின் சங்கீதப் பித்தும் குறைந்ததல்ல. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தவர் அவர். பாட்டுக்கு அப்புறம் கம்பன், கம்பனைக் காட்டிக்கொடுத்த ரசிகமணி டி.கே.சி. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக ருசி கிளை விட்டுக்கொண்டே போனது.

ருசிக்கு இருக்கிற ஒரு சௌகரியம் ஞாபகத்துக்கு இல்லை. பழைய கதை மூன்று சந்திப்பில் தீர்ந்துவிடும். கணக்கு வாத்தியார் அடித்ததை எத்தனை தடவை சொல்வது? தோடியை அப்படித் தீர்க்க முடியாது. நேற்று கேட்டது இன்றைக்கு வேறு மாதிரி கேட்கும், அதைச் சொல்ல ஆள் வேண்டியிருக்கும். படித்தவர், படிப்பை விட்டவர், பட்டணத்தில் இருப்பவர், பட்டிக்காட்டில் இருப்பவர் என்ற கோடெல்லாம் அந்தப் பேச்சில் காலாவதியாகிவிடும்.

இதையெல்லாம் கடிதம் எழுதின காலத்து மகாமனிதர்களின் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஏரியாவிலேயே ஒன்று கண்ணில் படும்வரை.

என் அப்பாவும் அவர் சிநேகிதர்களும் தாம்பரத்தில் 1977இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள், பழைய பதினோராம் வகுப்பு. இப்போது எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. சில வருஷத்துக்கு முன் ஒரு ரியூனியன் நடத்தினார்கள், ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் ஒரு ஹால், ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். டி-ஷர்ட், மெமென்டோ, பஃபே. அதற்கு வராத ஒருவர் இருந்தார். தாம்பரம் – மேடவாக்கம் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினவர். வேலை இருக்குடா என்று சொல்லிவிட்டாராம். எல்லோரும் நம்பினார்கள், அல்லது நம்பின மாதிரி இருந்தார்கள். குரூப் அதற்கப்புறம் குட்மார்னிங் பூக்களோடு மெல்லப் படுத்துவிட்டது.

அது எழுந்தது கரோக்கியால். சேலையூரில் ஒரு அங்கிள், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், ஒரு ஸ்பீக்கரும் இரண்டு மைக்கும் வாங்கி மொட்டை மாடியில் வைத்தார். சனிக்கிழமை சாயங்காலம், யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் கிடையாது, டீயும் பக்கோடாவும் மட்டும். இவர்கள் பள்ளியில் இருந்தபோதுதான் 'அன்னக்கிளி' வந்தது, 1976. (கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' வந்ததும் அதே வருஷம். இந்த மாடியில் அது யாருக்கும் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.) இளையராஜாவோடு சேர்ந்து மீசை முளைத்த தலைமுறை. நாலாவது சனிக்கிழமையோ என்னவோ, ஆட்டோ அங்கிள் வந்தார். வந்தவர் பாடவில்லை. இன்னொருவர் பாடும்போது இன்டர்லூட் முடிந்து சரணம் எடுக்கிற இடத்தில் அரை மாத்திரை முந்துவதைக் கையை உயர்த்தி நிறுத்தினார். அடுத்த தடவை கையை இறக்கினார், சரியாக விழுந்தது. ஷேர் ஆட்டோவில் இருபது வருஷம் எஃப்.எம். கேட்ட காது அது.

நான் அப்பாவைக் கூட்டிவரப் போனபோது இதைப் பார்த்தேன். அமெரிக்காவில் இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிற ஒருவர், ஆட்டோ அங்கிளிடம், "மாப்ள, இன்னொரு வாட்டி கை காட்டுடா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் சில்க் சட்டைக்கு மதிப்பே இல்லை. மாடியில் இருந்தவர்களிலேயே பெரிய பணக்காரர் காதால் பணக்காரரான அந்த மனுஷன்தான்.

இதை ரொம்பவும் இனிப்பாக்கிவிடக் கூடாது. கீழே இறங்கினால் ஒருவர் காரிலும் ஒருவர் ஆட்டோவிலும்தான் போகிறார்கள். ஆட்டோ அங்கிள் வீட்டு மருத்துவச் செலவுக்கு ஒரு தடவை குரூப்பில் வசூல் நடந்தபோது அவர் இரண்டு மாசம் மாடிக்கு வரவில்லை. கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று அப்பாவிடம் கேட்டாராம். ருசி சமமாக்கின இடத்தில் பணம் திரும்பவும் கோடு போட்டது. அப்புறம் எப்படித் திரும்பி வந்தார்? ஒருவர் பாடித் தப்பாக விழுந்த பாட்டை ரெக்கார்ட் பண்ணி அவருக்கு மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். எங்கே தப்பு என்று கேட்டு. அவரால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வசூலைவிட இந்த ஆடியோ மெசேஜ்தான் பெரிய உதவி என்று எனக்குத் தோன்றியது. அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள இவர்களுக்கு ஒன்று இருந்தது.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். அந்த மாடியில் பெண்கள் கிடையாது. அம்மாவும் அதே காலத்தில் பள்ளி முடித்தவர்தான், பாடுவார், அப்பாவைவிட நன்றாகவே. அவருக்கு இன்றைக்குத் தொடர்பில் இருப்பவர்கள் இரண்டே இரண்டு தோழிகள். மற்றவர்கள் கல்யாணத்தில் இனிஷியல் மாறி, ஊர் மாறி, போன் நம்பரே கணவர் பெயரில் இருக்கிற இடங்களுக்குப் போய்விட்டார்கள். ஆண்களின் பள்ளி நட்புக்கு நம்மிடம் கடிதத் தொகுப்பு இருக்கிறது, படம் இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது. பெண்களுடையதைத் தேடிப் போனால் '96' மாதிரி ஓர் இரவு மட்டும் தருகிறார்கள், அதுவும் ஓர் ஆணின் வீட்டில். ஜானு அவள் தோழி சுபாவோடு வாரா வாரம் பாடுகிற படத்தை யாராவது எடுத்தால் முதல் நாள் முதல் காட்சி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன்.

கி.ரா.வின் கதையில் மிச்சம் இருக்கிறது. அவரது முதல் கதை 'மாயமான்' 1958இல் 'சரஸ்வதி' இதழில் வந்தது. அப்போது அவருக்கு முப்பத்தைந்தை ஒட்டிய வயது, அழகிரிசாமி அதற்குள் பேர்பெற்ற எழுத்தாளர். இளமையில் கி.ரா.வைக் காசநோய் படுத்தியிருந்தது. (தாம்பரத்துக்காரனுக்குக் காசநோய் என்றதும் 1928இல் தொடங்கின சானடோரியமும், அதன் பெயரையே வைத்துக்கொண்ட ஸ்டேஷனும்தான் கண்ணில் வரும்.) நோய்ப்பட்ட அந்த மனுஷன் தொண்ணூறைத் தாண்டியும் இருந்தார். அழகிரிசாமி 1970 ஜூலை 5ஆம் தேதி, 46 வயதில் போய்விட்டார். 'அன்பளிப்பு' தொகுப்புக்கு சாகித்திய அகாதெமி விருது வந்தபோது அவர் இல்லை. தோழர் போனபின் கி.ரா. கிட்டத்தட்ட ஐம்பத்தொரு வருஷம் இருந்தார்.

அந்தக் கடிதப் புத்தகத்தில் நமக்குக் கேட்பது அழகிரிசாமியின் குரல் மட்டும். எதிர்ப்பக்கத்தை நாமேதான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் கி.ரா.வின் உரைநடையைத் திறந்து பாருங்கள். எதிரில் ஒருவர் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து, வெற்றிலை மென்றுகொண்டு, தெரிந்த ராகத்தைக் கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டிருப்பதாக வைத்துக்கொண்டுதான் அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதுகிறார். 'கோபல்ல கிராமம்' வந்தபோது அழகிரிசாமி இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.