நாற்காலியில் அமர்ந்த குரல்

ராக் இசையோடு மேற்கத்தியச் செவ்வியல் இசையின் நீண்ட கட்டமைப்பை இணைக்கும் புரோகிரசிவ் ராக் மரபில் வந்த ஜெனிசிஸ் குழு, நெடிய இடைவெளிக்குப் பின் மீண்டும் கூடி, 2022 மார்ச் 26 அன்று லண்டன் ஓ2 அரங்கில் தன் இறுதிக் கச்சேரியை நிகழ்த்தியது. நரம்புப் பாதிப்பால் டிரம்ஸ் வாசிக்க இயலாமற்போன ஃபில் காலின்ஸ், கைத்தடி ஊன்றி வந்து நாற்காலியில் அமர்ந்து பாட, அவருடைய பழைய இருக்கையில் மகன் நிக் அமர்ந்திருந்தார். 1973இல் வெளிவந்த இக்குழுவின் ‘தி சினிமா ஷோ’ பாடலின் பிற்பகுதி ஏழு எண்ணிக்கையில், கர்நாடக இசையில் மிஸ்ரம் எனப்படும் கணக்கில், சுழல்வது. குழு உறுப்பினர் டோனி பேங்க்ஸின் விசைப்பலகை அதன்மேல் மிதந்து செல்ல, முன்பு தந்தை வகுத்த அந்தத் தாளத்தை மகன் வாசிப்பதும், தந்தை சில அடி தூரத்தில் இருந்து அதைக் கேட்பதும், எந்த ஒலிப்பதிவிலும் கிட்டாத, நேரில் மட்டுமே வாய்க்கும் அரிய காட்சி. குரல் தளர்ந்திருந்தது உண்மையே. ஆயினும் சொற்களின் கனம் அத்தளர்ச்சியால் கூடியதே தவிரக் குறையவில்லை.