பொலிசார் எழுதும் சரித்திரம்

தமிழில் 'சரித்திரம்' என்னும் சொல் நெடுங்காலம் அரசருக்கும் அடியாருக்குமே உரியதாயிருந்தது. உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கையை 'என் சரித்திரம்' எனப் பெயரிட்டு எழுதியபோது அது கல்விமானுக்கும் உரியதாயிற்று. நிலமற்ற கூலியாளுக்கும் சரித்திரம் எழுதப்பட்டதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் பொலிஸ் நிலைய அலுமாரியிலேயே கிடக்கின்றது. வழக்கமான குற்றவாளி எனத் தாம் கருதும் ஒவ்வொருவர் மீதும் இந்தியப் பொலிசார் பேணிவரும் ஏட்டினைத் தமிழ்நாட்டில் 'சரித்திரப் பதிவேடு' என்றே வழங்குவர். 'அறியப்பட்ட கொள்ளையர்' என்பதற்குச் சென்னை மாகாணப் பொலிசார் இட்ட இரண்டு ஆங்கில எழுத்துக்களே 'கேடி' என்னும் சொல்லாயின. இன்று அது திரைப்படத் தலைப்பாகவும் வருகின்றது. அலுவலகக் குறியீடொன்று மக்கள் பேச்சில் மனித இயல்பைக் குறிக்கும் சொல்லாக மாறியமை மொழியியலாளர் மாத்திரம் கவனிக்க வேண்டிய விடயமன்று.

இப்பதிவேட்டினை ஓர் எழுத்து வடிவமாகவே கொண்டு திறனாய்வு செய்தல் வேண்டும் என்பது நமது கருத்து. இவ்வடிவத்திற்கு ஆசிரியன் உண்டு, கதைத்தலைவன் உண்டு. ஆனால் கதைத்தலைவனுக்கு அதனைப் படிக்கும் உரிமை இல்லை. நிகழ்ச்சிகள் வரிசையாக இடம்பெறும். அவற்றின் காரணங்கள் இடம்பெறா. கைதானமை பதியப்படும், வேலை இழந்தமை பதியப்படாது. முடிவு என்பதும் இதற்கு இல்லை. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் 1941இல் கொள்ளை வழக்கொன்றிலே கைதாகி, சான்று இன்மையால் விடுவிக்கப்பட்டவர். வழக்கு முடிந்தது, பதிவேடு தொடங்கியது. இரவில் கதவைத் தட்டி எழுப்பும் பொலிசாரையும் சௌக்கிதாரையும் எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், 1962இல் உச்ச நீதிமன்றம் இரவு வருகையை மாத்திரமே செல்லாதென்றது. உடலைத் தடுத்து நிறுத்தாமலே உள்ளத்தைத் தளையிட முடியும் எனக் கண்டு, ஒழுங்குவிதி முழுவதையும் நிராகரித்த சுப்பா ராவின் தீர்ப்பு சிறுபான்மைத் தீர்ப்பாகவே நின்றது.

இவ்வெழுத்தின் பிறப்பை 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்திலே காணலாம். ஒரு குலத்தைக் குற்றக் குலமென அறிவித்தால் அவ்வறிவித்தலை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்தலாகாது என அது விதித்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்கள் 1920 ஏப்பிரல் 3இல் துப்பாக்கிச் சூட்டிற்கு இலக்காயினர். பொதிமாடுகளில் உப்பும் தானியமும் கொண்டுசென்று விற்ற குறவர்கள் புகைவண்டியாலும் அரசின் உப்புக் கொள்கையாலும் பிழைப்பிழந்தமையை மீனா ராதாகிருஷ்ணாவின் ஆய்வு எடுத்துக்காட்டுகின்றது. பிழைப்பைப் பறித்த அரசே பின்னர் அவர்களது 'பரம்பரை இயல்பை' எழுதலாயிற்று. 1952இல் அச்சட்டம் நீக்கப்பட்டபோது வழக்கமான குற்றவாளிகள் பற்றிய மாநிலச் சட்டங்கள் அவ்விடத்தை நிரப்பின. குலத்தின் பெயர் நீங்கிற்று, பேனா கைமாறவில்லை.

1980இல் மலக் சிங் வழக்கிலே, கண்காணிப்பு ஏட்டில் ஒருவரது பெயரைச் சேர்க்குமுன் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டியதில்லை எனத் தீர்ப்பாயிற்று. நியாயமான நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டென நீதிமன்றத்திற்குப் பொலிசார் காட்ட வேண்டிவரலாம் என்ற அளவிலேயே பாதுகாப்பு. ஆனால் ஏடோ இரகசியமானது. தன் பெயர் இருப்பதையே அறியாதவன் எதனை எதிர்த்து மன்றேறுவான்? அத்தீர்ப்பை எழுதியவர் முற்போக்காளரின் மதிப்பைப் பெற்ற ஓ. சின்னப்ப ரெட்டி என்பது மனங்கொள்ளத்தக்கது. தனிமனித நல்லெண்ணம் நிறுவனத்தின் தருக்கத்தை மீறுவது எளிதன்று. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்று, கரக் சிங் தீர்ப்பின் அப்பகுதியைப் புறந்தள்ளினர். 2024 மே 7இல் உச்ச நீதிமன்றம், பிற்பட்ட, தாழ்த்தப்பட்ட, வறிய மக்கள் மீது இப்பதிவேடுகள் இயந்திரப் போக்கில் தொடங்கப்படலாகாதெனக் கூறி, உயரதிகாரியொருவர் அவற்றைக் காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்ய வேண்டுமெனப் பணித்தது. இது வரவேற்கத்தக்கதே. எனினும், பொலிசார் எழுதியதைப் பொலிசாரே திருத்துவது என்ற எல்லைக்குள்தான் இதுவும் நிற்கின்றது.

லக்ஷ்மண் கெய்க்வாட் மராத்தியில் 1987இல் வெளியிட்ட 'உச்சல்யா' இவ்வடிவத்திற்கு நேர் எதிரானதொரு சுயசரிதை. திருட்டை அவர் மறைக்கவில்லை. பொலிஸ் ஏட்டில் உள்ள அதே செய்திகள் அங்கும் உள. அவற்றோடு பசி உண்டு, அடி உண்டு, வேலை தர மறுத்த ஊரும் உண்டு. நிகழ்ச்சிக்குக் காரணம் திரும்பக் கிடைத்தவுடன் குற்றவாளி மனிதனாகின்றான். நூலின் இலக்கிய வலிமை அதன் மொழியைவிட இவ்விடத்திலேயே தங்கியுள்ளது என்போம்.

மார்க்சியத் திறனாய்வாளராகிய நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1842இல் விறகு திருடிய ஏழைகளின் வழக்கமான உரிமைக்காக வாதாடிய மார்க்ஸே, 1852இல் லூயி போனபார்ட்டின் ஆதரவாளரை விவரிக்குமிடத்து, சிறை மீண்டோரையும் பொக்கற் திருடரையும் 'உதிரிப் பாட்டாளி' என வரிசைப்படுத்துகின்றார். குறிப்பிட்டதோர் அரசியல் சூழலிலே எழுந்த அவ்வரிசையை நம்மிற் பலர் நிலையான சமூக வகுப்பாகக் கையாண்டு வந்துள்ளோம். பொலிஸ் பட்டியலுக்கு அது மிக நெருங்கி வருவதை நாம் கவனித்ததில்லை. உச்சல்யா சாதியிற் பிறந்த கெய்க்வாட் லாத்தூர் நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தொழிற்சங்கத்திலும் ஈடுபட்டார்.