வெறுநிலம் என்று கண்டவர் யார்?

நீலகிரியைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஏடு ஒரு குருவானவரின் கடிதம். இத்தாலியரும் இயேசு சபையைச் சேர்ந்தவருமான யாக்கோமோ பெனிச்சியோ அடிகளார் 1603-ஆம் ஆண்டு மலபாரிலிருந்து மன்னார்க்காடு வழியாக மலையேறித் தோடரையும் படகரையும் சந்தித்தார். திரும்பிய பின் கோழிக்கோட்டிலிருந்து தம் மேலாளருக்கு எழுதிய கடிதம் அது. முந்நூறு ஆண்டுகள் கையெழுத்துப் படியாகக் கிடந்ததனை, 1906-இல் வெளிவந்த 'தோடர்' என்னும் தமது பெருநூலின் பின்னிணைப்பில் ரிவர்ஸ் என்பார் ஆங்கிலத்தில் அச்சேற்றினார். வரலாற்றாசிரியர் இக்கடிதத்தைச் சான்றாகப் பயன்படுத்தியுள்ளனர். மறைபரப்பு வரலாறு எழுதுவோர் பெருமையுடன் குறிப்பிடுகின்றனர். அதனைப் பயண இலக்கியமாகக் கொண்டு, பிற பயண நூல்களோடு ஒப்பவைத்து மதிப்பிடுவதே இங்கு நம் நோக்கம்.

பெரும் பாலையைக் கடந்தவர் எழுதிய நூல்களைப் படித்தவர்க்கு அவற்றின் போக்குப் பழகியிருக்கும். மணல், வெயில், நா வறட்சி, வழி தவறிய இரவு ஆகியவை பக்கம் பக்கமாக விரியும். அந்நிலத்திலேயே பிறந்து அங்கேயே சாகும் மாந்தர், ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்தவராகவோ தண்ணீர்த் துருத்தியைத் தூக்கியவராகவோ பக்கத்தின் ஓரத்தில் வந்து மறைவர். பயணிக்கு அது கடக்க வேண்டிய வெளி. அவருக்கு அது வீடு. இந்த வேறுபாட்டை உணர்ந்து எழுதினாரா என்பதே, நம் கருத்தில், பயண நூலாசிரியரை அளக்கும் முதற்கோல்.

விவிலியத்தைப் பயில்வோர்க்கு இது புதிதன்று. எபிரேயத்தில் 'மித்பார்' எனப்படும் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பில் 'வனாந்தரம்' என்றும், 'திருவிவிலிய'த்தில் 'பாலைநிலம்' என்றும் வாசிக்கிறோம். ஆனால் அச்சொல் மணற்காட்டை மட்டும் சுட்டுவதன்று. உழப்படாத, ஆடுமாடுகளை ஓட்டிச் சென்று மேய்க்கும் புறவெளியையும் சுட்டும். மோசே தம் மாமனாரின் ஆட்டுமந்தையை ஓட்டிச் சென்றது அத்தகைய இடத்திற்கே. தமிழ்த் திணை மரபில் வைத்துப் பார்த்தால் அது பாலையைக் காட்டிலும் முல்லைக்கே நெருக்கம் எனலாம். தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகின்றன என்பதைச் சிலப்பதிகாரம் நமக்குச் சொல்லிவைத்தது. பாலை என்பது ஒரு நிலத்துக்கு நேர்வது என்ற இந்த நுண்ணுணர்வு ஐரோப்பியப் பயணிகளிடம் நாம் அரிதாகவே காண்பது.

இனிக் கடிதத்துக்கு வருவோம். மலைமேல் பழங்கிறிஸ்தவர் சிலர் தம் நெறியை மறந்து வாழ்கின்றனர் என்றொரு செய்தி அந்நாளில் மலபாரில் உலவியது. முந்தைய ஆண்டில் அனுப்பப்பட்ட சிறு குழுவினர் கொண்டுவந்த விவரம் நிறைவளிக்கவில்லை. ஆகவே அடிகளார் புறப்பட்டார். ஏற்றம், குளிர், பாதையின் கொடுமை ஆகியவற்றை அவர் மிகையின்றி எழுதுகிறார். தம் துன்பத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஆசை அவரிடம் இல்லை. தோடரின் நீண்ட தாடியும் உடல் போர்த்திய துணியும், எருமைகளையும் பாலையும் சுற்றியமைந்த வாழ்வும், உடன்பிறந்தார் ஒரு பெண்ணை மணக்கும் வழக்கமும், எருமைக் கொட்டிலுக்குரிய பூசகர் ஒதுங்கி வாழும் நியமமும் சில நாள்களுக்குள் அவர் கண்ணில் பட்டுவிட்டன. பிற்காலத்தில் ரிவர்ஸ் பல மாதம் தங்கி ஆராய்ந்தவற்றின் முனைகள் பல இதில் உள்ளன. கண் கூர்மையானது, அதில் ஐயமில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. தேடி வந்தது கிடைக்கவில்லை என்றதும் கடிதத்தின் நடை தளர்ந்துவிடுகிறது. 'இவர்கள் நாம் எண்ணியவர்களா?' என்பதே ஒவ்வொரு வினாவுக்கும் உள்ளே இருந்த வினா. விடை 'அல்லர்' என்றானபின், அவர்கள் யார் என்று கேட்க ஆர்வம் எஞ்சவில்லை. பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் நூற்கண்டும் அளித்ததை மகிழ்ச்சியோடு எழுதுகிறார். அவர்கள் பாடியிருந்தால் அப்பாட்டு அவர் செவிக்கு எட்டியதாகக் கடிதத்தில் தெரியவில்லை. மேலாளருக்கு அனுப்பும் அறிக்கையில் பாட்டுக்கு இடமேது என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமே. ஆயினும், பின்வந்த பலரும் அந்த அறிக்கையின் கண்களாலேயே இம்மலையைப் பார்த்தார்கள் என்பதால்தான் இதனை அழுத்திச் சொல்கிறோம்.

இதே போன்று தேடிச் சென்று வேறொன்றைக் கண்டவர் சார்லஸ் தெ ஃபூக்கோ. 1883-84-இல் மாறுவேடத்தில் மொரோக்கோவைச் சுற்றி வந்து, 1888-இல் அவர் வெளியிட்ட நூல் நில அளவையாளரின் நூல். மலை, ஆறு, தொலைவு எல்லாம் துல்லியம். பின்னர்க் குருவாகி, 1905-இல் சகாராவின் நடுவே தாமன்ராசெத்தில் துவாரெக் மக்களிடையே குடியேறிய அதே மனிதர் வேறு வகையில் எழுதினார். அம்மக்களின் மொழிக்கு அகராதி தொகுத்தார். அவர்களுடைய காதலும் போரும் பற்றிய பாடல்களை நூற்றுக்கணக்கில் எழுதி வைத்தார். 1908-இன் தொடக்கத்தில் நோயுற்றுக் கிடந்தபோது, வறட்சிக் காலத்தில் தமக்கே போதாத ஆட்டுப்பாலைத் தேடிக் கொணர்ந்து அவரைப் பிழைக்க வைத்தவர்கள் அப்பாலைவாசிகள். கொடுக்க வந்தவர் வாங்க நேர்ந்தது. 1916 டிசம்பர் முதல் நாள் அவர் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். பிரெஞ்சு ஆட்சியின் மீது அவர் வைத்திருந்த நம்பிக்கையை நாம் மறைக்க வேண்டியதில்லை. படைத்தலைவர்களின் நட்பு அவருடைய சகாரா வாழ்வோடு பின்னிக் கிடந்தது. எனினும் முதல் நூலையும் பாடல் தொகுதியையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், நிலத்தைக் கடந்தவனுக்கும் அங்குத் தங்கியவனுக்கும் இடையிலான தொலைவை ஒரே ஆளின் எழுத்திலேயே அளந்துகொள்ளலாம்.

நம் மலைக்கு அத்தகைய செவி வாய்க்க 1935 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு வந்த மொழியறிஞர் எமனோ சுமார் மூன்றாண்டுகள் இந்தியாவில் தங்கித் திரட்டிய தோடர் பாடல்கள் 1971-இல் பெருந்தொகுதியாக வெளிவந்தன. படிக்க எளிய நூலன்று. நாமும் பலமுறை பாதியில் மூடிவைத்ததுண்டு. ஆனால் அதன் அமைப்பு உள்ளத்தில் பதிந்துவிட்டால் மலையே வேறாகத் தோன்றும். தோடர் பாட்டில் சிறு சொற்கூறுகள் இணை இணையாகவே வரும். ஒன்றைச் சொன்னால் அதன் இணையையும் சொல்லியாக வேண்டும். மந்து, குன்று, ஓடை, எருமை என எதற்கும் பாட்டில் அதற்கேயுரிய இணைப்பெயர் உண்டு. புதிதாக ஒரு நிகழ்ச்சி நேர்ந்தாலும் பாடகர் அந்த மரபுச் சொற்களிலிருந்தே அதற்குப் பாட்டுக் கட்டுவார். சிறியதொரு மக்கள் குழு. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2000 பேர். அவர்களிடம் உள்ள இடப்பெயர்ச் செல்வமோ பெருநாடு ஒன்றுக்குப் போதுமானது. தருண் சாப்ரா 2015-இல் வெளியிட்ட தோடர் நிலக்காட்சி பற்றிய நூலைப் புரட்டுவோர், வெறும் புல்மேடு என்று நாம் கடந்துபோகும் இடங்களுக்கும் பெயரும் கதையும் இருப்பதைக் காண்பர்.

அவற்றுள் ஒன்று பயண இலக்கியம் என்றே சொல்லத்தக்கது. இறந்தவரின் ஆவி மேற்கே உள்ள அமுனோர் என்னும் மறுமை நாட்டுக்குச் செல்லும் வழி அது. கற்பனையான வழியன்று, கண்ணால் காணக்கூடிய மேடும் பள்ளமும் அதன் அடையாளங்கள். இறுதியில் ஓர் ஆறு. அதன்மேல் நூலால் ஆன பாலம். தீயவர் அதிலிருந்து விழுவர், அட்டைகள் அவர்களைக் கடிக்கும் என்று ரிவர்ஸ் பதிவு செய்துள்ளார். (அட்டைக்கடி பட்ட எஸ்டேட்வாசிகள் இத்தண்டனையின் பொருத்தத்தை உடனே ஒப்புக்கொள்வர்.) பெனிச்சியோ அடிகளாரோ தென்மேற்குச் சரிவிலிருந்து மேலேறியவர். இறந்தோர் இறங்கிச் செல்லும் பக்கத்திலிருந்து, கையில் நூற்கண்டுடன் ஏறி வந்த அந்நியரைக் கண்டு தோடர் என்ன நினைத்திருப்பர்? கடிதம் அதைச் சொல்லாது. ஆனால் எமனோவையும் ரிவர்சையும் படித்தபின் இக்கேள்வியின்றி அக்கடிதத்தைப் படிக்க நம்மால் இயலவில்லை.

இது வெறும் இலக்கிய வாதம் என்று ஒதுக்குவோர்க்கு ஒன்று சொல்வோம். 1819-இல் இங்கு வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நிலம் தோடருடையது என்று வாதாடினார், அவ்வாதம் எடுபடவில்லை. உழாத நிலம் தரிசு என்பதே ஆட்சியின் கணக்கு. அந்தக் கணக்கில்தான் புல்வெளிகளில் ஆஸ்திரேலியச் சீகை மரமும் யூக்கலிப்டஸும் ஏறின. தோல் பதனிடவும் விறகுக்கும் கூழுக்கும் பயன்பட்டன. மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைக்கு மெல்ல விடும் பஞ்சு போன்ற அப்புல்நிலம் பல இடங்களில் சுருங்கியது. எருமைகளும் குறைந்தன. சிலப்பதிகாரம் சொன்ன இயல்பு கேடு இங்கே கோடையால் வந்ததன்று. ஒரு சொல்லால் வந்தது. இன்று சீகையை அகற்றிப் புல்லை மீட்க முயல்வோர், எந்தப் புல் எங்கே வளர்ந்தது என்று மந்துகளில் கேட்டறிவது நன்று.

எனவே மலைப் பங்குகளுக்குப் புதிதாக வரும் இளங்குருக்கள் என்ன படிக்கலாம் என்று கேட்டால், கடிதத்தை ஒதுக்கிவிடுங்கள் என்று நாம் சொல்லமாட்டோம். அது நம் முன்னோர் ஒருவரின் நேர்மையான எழுத்து. படிக்கும் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வோம்: முதலில் எமனோ, அவர் எவ்வளவு கடினமாயினும், பிறகு ரிவர்ஸ், அவர் நூலின் கடைசிப் பக்கங்களில், அவர் வைத்த இடத்திலேயே, பெனிச்சியோ.